இருபது வருடப் புது ஆள்

அலுவலக அடையாள அட்டையில் அவருக்கு ஆய்வு உதவியாளர் என்று பெயர். உண்மையில் அவர் பார்த்த வேலை, அந்நியராக இருப்பது.

குழந்தை வளர்ச்சி ஆய்வு நிலையத்தின் மாடியில் ஓர் அறை. தரையில் மெத்தென்ற விரிப்பு, மூலையில் பொம்மைகள், எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. அந்தப் பக்கம் இருட்டில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு அது ஜன்னல். அம்மாவோடு ஒரு வயதுக் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும். கதவு திறக்கும். முன்பின் பார்த்திராத ஒருத்தி உள்ளே வருவாள். முதலில் பேசாமல் உட்காருவாள். பிறகு அம்மாவோடு இரண்டு வார்த்தை. பிறகு தரையில் இறங்கி ஒரு பொம்மையை நீட்டுவாள். அந்தச் சமயம் பார்த்து அம்மா வெளியே போய்விடுவாள். குழந்தை என்ன செய்கிறது, அம்மா திரும்பி வந்ததும் அவளிடம் எப்படிப் போகிறது என்பதுதான் ஆராய்ச்சி. நேரம் முடிந்ததும் கண்ணாடியில் டொக்கென்று ஒரு தட்டு கேட்கும். அந்த ஒருத்தி எழுந்து போய்விட வேண்டும்.

அந்த ஒருத்திதான் இவர். நிலையத்தில் இந்தப் பாத்திரத்துக்குப் 'புது ஆள்' என்று பெயர். இருபது வருடமாக அவர்தான் அங்கே புது ஆள். அவருக்குப் பிறகு வந்தவர்களில் இரண்டு பேர் பதவி உயர்ந்து ஓய்வும் பெற்றுவிட்டார்கள்.

இந்த வேலைக்கு வேண்டிய தகுதி அவருக்குப் பிறவியிலேயே அமைந்திருந்தது: யார் நினைவிலும் தங்காத முகம். அழகில்லை என்று சொல்ல முடியாது; அப்படிச் சொல்வதற்கும் முகம் ஞாபகம் இருக்க வேண்டுமே. அவருடைய கணவர் பஸ் ஓட்டுநர். கல்யாணத்துக்கு முன் ஒரு வருடம் அந்த பஸ்ஸில்தான் இவர் வேலைக்குப் போய்வந்தார். "தினமும் வேற வேற பொண்ணு ஏறுதுன்னு நெனச்சேன்" என்பது கணவர் இன்றுவரை சொல்லும் சமாதானம். தெருவுக்குப் பார்சல் கொண்டுவரும் கூரியர்காரர், ஒவ்வொரு முறையும் கதவைத் தட்டிவிட்டு, "வீட்டுக்காரம்மா இல்லையா? நீங்க புதுசா வந்திருக்கீங்களா?" என்று கேட்பார். முதல் சில வருடங்கள் இவர் விளக்கம் சொல்லிப் பார்த்தார். பிறகு "ஆமா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

நிலையத்தில் தட்டச்சு செய்யத்தான் சேர்ந்தார். ஒருநாள் புது ஆளாக உள்ளே போக வேண்டிய மாணவிக்குக் காய்ச்சல். அறையில் அம்மாவும் குழந்தையும் தயார். பேராசிரியை சுற்றும் முற்றும் பார்த்தார். மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தபோதுதான் மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதே அவர் கண்ணில் பட்டது.

"நீங்க எப்ப இங்க சேர்ந்தீங்க?"

"போன வருஷம் மேடம்."

"நீங்கதான் எனக்கு வேணும்" என்றார் பேராசிரியை.

வேலையில் ஒரே ஒரு கஷ்டம் இருந்தது. குழந்தை அவரை அதற்கு முன் பார்த்திருக்கக் கூடாது. நிலையத்து வராந்தாவில் ஏதாவது குழந்தை எதிர்ப்பட்டால் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். ஊரிலிருக்கும் எந்தக் குழந்தையும் நாளைக்கு நிலையத்துக்கு வரலாம் என்பதால், நாளடைவில் இந்தப் பழக்கம் தெருவுக்கும் கடைக்கும் பரவியது. தள்ளுவண்டியில் ஒரு குழந்தை வந்தால் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்விடுவார். அவருக்குக் குழந்தைகளைக் கண்டாலே ஆகாது என்று அக்கம்பக்கத்தில் முடிவு செய்திருந்தார்கள். குழந்தைகளுக்காக ஒருவர் எவ்வளவு தூரம் ஒளிந்து வாழ முடியும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்.

அவருக்குக் குழந்தை இல்லை. மருத்துவர்கள் ஒரு காரணம் சொன்னார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கொஞ்ச காலம் அழுதார், பிறகு அழுது முடித்தார். வீட்டின் மாடிப் பகுதியில் தம்பியும் தம்பி மனைவியும் வந்து குடியேறிய பிறகு வீடு ஒரு மாதிரி நிரம்பிவிட்டது. தம்பி மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். சாப்பிடும்போதுகூட எதிரில் இருப்பவரின் கண் எங்கே போகிறது என்று கவனிக்கும் தொழில் புத்தி அவளுக்கு.

அவள் கர்ப்பமானதும் புது ஆளுக்கு ஓர் எண்ணம் வந்தது. பேராசிரியை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கதவோரம் நின்று கேட்டிருந்தார். கடைசி மாதங்களில் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்குக் காது கேட்கும். வார்த்தை புரியாது, ஆனால் ஏற்ற இறக்கம் போய்ச் சேரும். அம்மாவின் குரலைப் பிறந்த சில நாளிலேயே தனியாக அடையாளம் கண்டுகொள்ளும். அம்மாவின் குரல் போய்ச் சேர்ந்தால் அத்தையின் குரல் மட்டும் வெளியிலேயே நின்றுவிடுமா என்ன?

சாயங்காலம் இருவரும் சோபாவில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேவிட்டார்.

"நான் கொஞ்சம் அதுகிட்டப் பேசட்டுமா?"

"தாராளமா பேசுங்க அண்ணி."

குனிந்தார். நிமிர்ந்தார். "என்ன பேசறது?"

"எதையாவது பேசுங்க. அது என்ன குறுக்குக் கேள்வியா கேக்கப்போவுது?"

கொஞ்சல் மொழி அவருக்கு வராது. வேலையில் அதற்குத் தடை. மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: ஆய்வுக்கு வரும் அம்மாக்களிடம் மாணவிகள் சொல்லும், வருடக்கணக்காகக் கதவுக்கு வெளியே ஒளிந்து நின்று அவர் கேட்ட வரவேற்புரை. அதையே வயிற்றைப் பார்த்துச் சொன்னார்.

"வாங்க, உள்ள வாங்க. பையை ஓரமா வெச்சிருங்க. குழந்தைய விரிப்புல விடுங்க. அது கூப்பிட்டா பதில் சொல்லுங்க, நீங்களா போய்த் தூக்காதீங்க. பயப்படாதீங்க, எல்லாம் கொஞ்ச நேரம்தான்."

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த தம்பி நின்றுவிட்டான். "அக்கா, இதையெல்லாம் கேட்டா அது வெளிய வரவே யோசிக்கும்."

ஆனாலும் தினமும் சாயங்காலம் அதே உரை நடந்தது. ஒரு நாள் இடைவெளி விட்டால், "அண்ணி, உள்ள இருக்கறவங்க பையை எங்க வைக்கறதுன்னு தெரியாம முழிக்கறாங்க" என்று தம்பி மனைவியே கூப்பிடுவாள்.

பிரசவத்துக்குச் சற்று முன் தம்பிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. குழந்தை அங்கேதான் பிறந்தது, பெண். புது ஆள் அந்த வாரமே போய்க் கையில் வாங்கினார். குழந்தை அவருடைய நெற்றியும் தலைமுடியும் சேரும் கோட்டை வெகுநேரம் உற்றுப் பார்த்தது. அந்த வயதில் எல்லாக் குழந்தையும் எல்லாரிடமும் போகும், எல்லாருடைய தலைமுடிக் கோட்டையும் பார்க்கும், அதை யாரும் தனக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவருக்குத் தெரியும். எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர்கள் திரும்பி வந்தது குழந்தைக்குப் பதினோராவது மாதம் நடக்கும்போது. அந்நியரைக் கண்டு அலறுவதற்கென்றே இயற்கை ஒதுக்கி வைத்த பொன்னான காலம் அது.

ஏற்பாடு இப்படி: தம்பி மனைவிக்கு அடுத்த திங்கட்கிழமை முதல் கண்ணாடிக் கடையில் மறுபடி காலை வேலை. தம்பி ஒரு மாதம் கழித்து வருவான். புது ஆள் தன் வேலையை மதியத்துக்கு மாற்றிக்கொண்டு காலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். குழந்தை ஒத்துவராவிட்டால், தம்பி மனைவியின் அம்மா வீட்டுப் பக்கம், ஊரின் அந்தக் கோடியில், ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார்கள். அதற்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இதை யாரும் புது ஆளிடம் ஒளிக்கவில்லை. "உங்களுக்குத் தெரியாததா அண்ணி. உங்க கிட்ட வராம யாருகிட்ட வரப்போறா" என்றாள் தம்பி மனைவி, வண்டியிலிருந்து இறங்கும்போதே.

குழந்தை புது ஆளின் முகத்தைப் பார்த்தது. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தது, இந்த அம்மாள் நமக்கு வேண்டியவரா என்று விசாரிப்பதுபோல. அம்மா சிரித்தாள். குழந்தைக்கு அந்தச் சான்றிதழ் போதவில்லை. எடுத்தது பாருங்கள் ஓர் அலறல், எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

ஆய்வில் இந்த அழுகைக்கு நல்ல மதிப்பு உண்டு. அம்மாவோடு பிடிப்பு உறுதியாக இருக்கிறது, தெரிந்தவர் தெரியாதவர் என்று பிரித்தறியும் புத்தி வந்துவிட்டது. இருபது வருடமாக, அறைக்கு வெளியே கண் கலங்கி நின்ற அம்மாக்களிடம் "அழறது நல்லதுங்க" என்று ஆறுதல் சொன்னவர் அவர். குழந்தை அழவில்லையே என்று கலங்கிய அம்மாக்களிடம் "அழாததும் நல்லதுதாங்க, ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி" என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டையும் மனதாரத்தான் சொன்னார். அன்றைக்குச் சமையலறையில் நின்று இரண்டையும் தனக்கே சொல்லிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை.

அவருடைய கணவரிடம் குழந்தை மறுநாளே போய்விட்டது. அதுதான் இன்னும் எரிச்சல். அவர் குழந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குழந்தை தவழ்ந்து போய்ப் பேப்பரின் ஒரு மூலையைக் கிழித்தது. அவர் மிச்சத்தைப் படித்தார். இன்னொரு மூலை போயிற்று. சிறிது நேரத்தில் அது அவர் வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"என்ன பண்ணீங்க?" என்று கேட்டார் புது ஆள், கொஞ்சம் கடுமையாகவே.

"நான் என்ன பண்ணேன்? விளையாட்டுப் பக்கம் படிச்சேன். இப்ப அதுவும் இல்ல."

"நான் பக்கத்துல வந்தாலே கத்தறா."

"நீ வர்றது அப்படி. செக்கிங் இன்ஸ்பெக்டர் பஸ்ஸுல ஏறுற மாதிரி வர்ற."

புது ஆள் பேராசிரியைக்குப் போன் செய்தார். அந்தரங்கமான விஷயம் என்று முன்னுரை சொல்லிவிட்டுக் கேட்டார். வயிற்றில் இருக்கும்போது கேட்ட குரல் இவ்வளவு நாள் கழித்து ஞாபகம் இருக்குமா?

"இருக்கும்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்ல" என்றார் பேராசிரியை. "பிறந்த புதுசுல தெரியும். அதுக்கப்புறம் அது கேட்ட குரல் எத்தனையோ."

"சரி மேடம். இப்ப நான் என்ன செய்யணும்?"

"எனக்கு மூணு பிள்ளைங்க. அவங்களைப் பத்தி எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் தெரியாது. மத்தவங்க குழந்தைங்களைப் பத்தி வேணா கேளுங்க." பிறகு இரங்கி, "ஒண்ணும் செய்யாதீங்க. பக்கத்துல இருங்க. அதுவா வரும்" என்றார்.

புது ஆள் அப்படியே செய்தார். காலையில் விரிப்பில் உட்காருவார். பேச மாட்டார், நேராகப் பார்க்க மாட்டார். ஒரு டப்பாவையும் அதன் மூடியையும் தள்ளி வைப்பார். குழந்தை முதலில் அழும், பிறகு சிணுங்கும், பிறகு மூடியைப் பார்க்கும். இதெல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஆனால் வியாழக்கிழமையாகியும் அது அவரிடம் வந்தபாடில்லை. அம்மா வீட்டிலிருந்து தம்பி மனைவிக்குப் போன் வந்தது. மாடியில் அவள் தாழ்ந்த குரலில் பேசியது கீழே கேட்டது: "பாக்கலாம்மா, இன்னும் ரெண்டு நாள் இருக்கில்ல." யார் காதிலும் விழக் கூடாதென்று பேசும் பேச்சுக்குத்தான் மாடிப்படி நன்றாக எதிரொலிக்கும்.

வெள்ளிக்கிழமை காலை. தம்பி மனைவி தலை துவட்டிக்கொண்டே வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை மூடியை எடுத்தது. டப்பாவில் வைத்தது. வைத்துவிட்டு, தன் சாதனையைக் காட்ட யாராவது உண்டா என்று பார்த்தது. அம்மா தூரத்தில். அத்தை பக்கத்தில். ஒரு கையை எடுத்து வைத்து, மறு கையை எடுத்து வைத்து, அத்தை பக்கமாக வந்தது.

புது ஆள் எழுந்தார்.

"அண்ணி, எங்க போறீங்க?"

"தண்ணி... தாகமா இருக்கு."

"நேத்தும் தண்ணின்னீங்க. முந்தாநாள் அடுப்புன்னீங்க. அடுப்புல ஒண்ணும் இல்ல." தம்பி மனைவி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். "அவ உங்ககிட்ட வர்றப்பல்லாம் உங்க கண்ணு நேரா கடிகாரத்துக்குப் போவுது அண்ணி. அப்புறம் எந்திரிச்சிடறீங்க. அவ வரலன்னு சொல்றீங்க. அவ வந்துகிட்டுதான் இருக்கா. நீங்கதான் ஓடறீங்க."

புது ஆள் அப்படியே நின்றார். ஆய்வு அறையில் எத்தனையோ குழந்தைகள். அழுது ஓய்ந்து, சரி, இவளைத்தான் கொஞ்சம் பார்ப்போமே என்று அவர் பக்கம் திரும்பும் சமயத்தில்தான் பெரும்பாலும் அந்தத் தட்டு கேட்கும். குழந்தை ஓர் அடி நெருங்கினால் நேரம் முடிந்தது என்று அர்த்தம். இருபது வருடத்தில் அந்த அர்த்தம் முழங்காலில் போய்த் தங்கிவிட்டது. அந்நியராக இருக்கும் முதல் சில நிமிடங்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. அதற்கடுத்த நிமிடத்தை அவர் பார்த்ததே இல்லை.

"இங்க யாரும் தட்ட மாட்டாங்க, உக்காருங்க" என்றாள் தம்பி மனைவி.

அவள் சொன்னதில் அது மட்டும் மறுநாள் பொய்த்துப்போனது.

சனிக்கிழமை. கணவர் பஸ் பழுது பார்க்கப் பணிமனைக்குப் போயிருந்தார். தம்பி மனைவி வேலைக்குத் திரும்பும் முன் முதலாளியைப் பார்த்துவரக் கடைக்குப் போனாள். அம்மா போனதற்குக் குழந்தை முறைப்படி அழுது முடித்தது. புது ஆள் விரிப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். முன்னெச்சரிக்கையாகக் கடிகாரத்தின்மேல் ஒரு துண்டைப் போட்டிருந்தார்.

குழந்தை அவரைப் பார்த்தது. ஏதாவது பேச வேண்டும் என்று தோன்றியது. பேசத் தெரிந்தது ஒன்றுதான்.

"வாங்க, உள்ள வாங்க. பையை ஓரமா வெச்சிருங்க."

குழந்தையின் கை டப்பாமேல் நின்றது. தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டது. பின்னர் இந்தச் செய்தியைக் கேட்டுத் தம்பி மனைவி, "பாத்தீங்களா, ஞாபகம் இருக்கு" என்றாள். பேராசிரியை, "எந்தக் குழந்தையும் எந்தப் பேச்சுக்கும் தலையைச் சாய்க்கும்" என்றார். இருவரும் அவரவர் கட்சியில் இன்றும் உறுதியாக இருக்கிறார்கள்.

"குழந்தைய விரிப்புல விடுங்க" என்று தொடர்ந்தார் புது ஆள். குழந்தை நகர்ந்து வந்தது. அவருடைய முழங்கால் லேசாகத் துடித்தது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "அது கூப்பிட்டா பதில் சொல்லுங்க. நீங்களா போய்த் தூக்காதீங்க." ஒரு சின்னக் கை வந்து முழங்காலை அழுத்தியிருந்த கையின்மேல் உட்கார்ந்தது. ஈரமாக இருந்தது, டப்பா மூடியைச் சப்பிய கை.

அப்போது கதவில் டொக் டொக்கென்று தட்டு கேட்டது.

புது ஆளின் உடம்பு பாதி எழுந்துவிட்டது. எழுந்த பாதியை மீதிப் பாதி இழுத்து உட்கார வைத்தது. கம்பிக் கதவுக்கு வெளியே ஒருவர் நின்றிருந்தார்: தலையில் கறுப்பு ஹெல்மெட், கண்ணாடி மூடி இறக்கியபடி, கையில் ஒரு பார்சல். குழந்தை திரும்பிப் பார்த்தது. உருண்டையான, பளபளக்கிற, முகமில்லாத தலை. பதினோரு மாத வாழ்க்கையில் இப்படியொன்றை அது இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. உதடு பிதுங்கியது. அம்மாவைத் தேடியது, இல்லை. பெரியவர்கள் யோசித்து யோசித்து எடுக்கும் முடிவை அது ஒரு மூச்சில் எடுத்தது. இரண்டு கையாலும் அத்தையின் சேலையைப் பற்றி மேலே ஏறி, முகத்தைக் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டது.

ஒருவர் பழைய ஆளாவதற்கு அவரைவிடப் புதிய ஆள் ஒருவர் வந்து நின்றால் போதும் என்று எந்த ஆய்வும் இதுவரை எழுதியதாகத் தெரியவில்லை.

"யாரும்மா உள்ள? பார்சல்" என்றார் கூரியர்காரர்.

"இருக்கோம்" என்றார் புது ஆள். "அங்கயே வெச்சிட்டுப் போங்க."

"கையெழுத்துப் போடணுமே."

ஆகவே அவர் எழுந்தார். கண்ணாடியில் தட்டு கேட்டு எழுந்த எத்தனையோ தடவைகளில் அவர் கை காலியாகவே இருந்திருக்கிறது. இந்த முறை எழுவதற்குச் சிரமமாக இருந்தது; ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் குழந்தையின் முதுகை அணைத்து, நாற்காலியைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. இடுப்பில் பாரத்தோடு கதவருகே போனார். குழந்தை இன்னும் இறுக்கிக்கொண்டது.

கூரியர்காரர் ஹெல்மெட் மூடியைத் தூக்கிவிட்டு வழக்கம்போலப் பார்த்தார்.

"வீட்டுக்காரம்மா இல்லையா? நீங்க புதுசா?"

"இல்லீங்க. நான் பழைய ஆளு" என்றார் அவர். "நீங்கதான் புதுசு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, குழந்தை பயப்படறா."

கூரியர்காரர் இரண்டடி தள்ளி நின்று, கையை நீட்டிக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார். தம்பி மனைவி திரும்பி வந்தபோது பார்சல் பிரிக்கப்படாமல் கிடந்தது, கடிகாரம் துண்டு போர்த்திக் கிடந்தது, அண்ணி ஒரு தோள் மரத்துப்போய் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"எடுத்துக்கட்டுமா அண்ணி? கை வலிக்குமே."

"வலிக்குது. இருக்கட்டும்."

தம்பி மனைவி மாடிக்குப் போய் அவளுடைய அம்மாவுக்குப் போன் செய்தாள். "அந்த வீடு வேணாம்மா." மாடிப்படி இதையும் ஒரு வார்த்தை விடாமல் கீழே கொண்டுவந்து சேர்த்தது.

திங்கட்கிழமை மதியம் தம்பி மனைவி கடையிலிருந்து வந்ததும், புது ஆள் கைப்பையை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குக் கிளம்பினார். செருப்பைப் போடும்போது உள்ளே ஆரம்பித்தது. அம்மா பக்கத்திலேயே இருந்தாள். ஆகவே அது அம்மாவுக்கான அழுகை இல்லை. கணவருக்கான அழுகையும் இல்லை, அவர் காலையிலேயே பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார். அழுகைகளைத் தரம் பிரிப்பதில் இருபது வருட அனுபவம் உள்ளவர் வெளியே நின்று கடைசிவரை கேட்டார். கேட்டு முடித்துவிட்டு வேகமாக நடந்து நிறுத்தத்துக்குப் போனார்.

வந்தது கணவரின் பஸ். முன்வாசல் வழியாக ஏறினார். கணவர் கண்ணாடியில் பார்த்தார்.

"எதுக்கு இப்படிச் சிரிச்சுக்கிட்டே ஏறுற?"

"அழுதா" என்றார்.